படுக்கையறை மீன்தொட்டி: சத்தம் போடும் உயிர்களை வாங்கமுன்

ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் வார இதழின் வீட்டு அலங்காரப் பகுதியில், படுக்கையறையில் ஒரு மீன்தொட்டி வைத்தால் மனம் அமைதியாகும், நித்திரை நன்றாக வரும் என்று ஒரு கட்டுரை வந்திருந்தது. அதற்குள் எந்த மீனை விடுவது என்று ஒரு வரிகூட இல்லை. கூடப் போட்டிருந்த படத்திலோ கண்ணாடிப் பாசியைச் சுரண்டும் டாங்க் கிளீனர் மீன் ஒன்றும் இரண்டு ஒஸ்கார் மீனும். அந்த மூன்றையும் தலைமாட்டில் வைத்துக்கொண்டு நித்திரை கொள்ளலாம் என்று நம்பி யாராவது காசைக் கொட்டுவதற்கு முன் சில விடயங்களைச் சொல்லிவிட வேண்டும் என்று, மட்டக்களப்பில் மீன் வளர்த்தும் தொட்டி ஒட்டியும் பம்ப் திருத்தியும் வரும் நாங்கள் சிலர் சேர்ந்து இதை எழுதுகிறோம்.

மீன் சத்தம் போடுமா என்று கேட்பவர் வேறு ஊர்க்காரர் என்றால் மன்னிக்கலாம். கல்லடிப் பாலத்தடியில் நிலவு நாளில் தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீருக்குள் விட்டு மறுமுனையில் காதை வைத்து, வாவிக்குள்ளிருந்து எழும் பாட்டொலியைக் கேட்ட ஊர் இது. 1848 செப்டம்பரில் இங்கு வந்த பிரித்தானிய அதிகாரி எமர்சன் டெனன்ட் அந்த ஒலியைக் கேட்டு எழுதிவைத்தார். பாடுவது மீனா, ஊரி என்னும் நத்தையா என்ற வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. வாவியில் கேட்டால் அது பெருமை. அமெரிக்காவில் கலிபோர்னியாவின் சோசலிட்டோ கரையில் படகு வீடுகளில் வசித்தவர்களுக்கு 1980களில் அது பெருமையாக இருக்கவில்லை. இரவு முழுவதும் கேட்ட ரீங்காரத்தைக் கழிவுநீர்ப் பம்ப் என்று சந்தேகித்தார்கள். தேரை மீன் குடும்பத்தைச் சேர்ந்த ஆண் மீன்கள் பெண்ணை அழைக்கும் ஒலி அது என்று பிறகு தெரியவந்தது. வெளியே கடலில் இருக்கும் மீனே வீட்டுக்காரரின் நித்திரையைக் கெடுக்குமென்றால், கட்டிலிலிருந்து நான்கு அடி தள்ளி இருக்கும் மீனைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

தொட்டிச் சத்தம் இரண்டு வழியில் வரும். இயந்திரத்தால் வருவதைத் திருத்தலாம்; செலவும் அதிகம் இல்லை. உயிரால் வருவதைத் திருத்த முடியாது. இரவில் விழித்து வேலை செய்வது அதன் பிறவிக் குணம் என்றால் அதை நாங்கள் மாற்ற இயலாது. ஆகவே படுக்கையறைத் தொட்டிக்கு மீனை முதலில் தெரிவுசெய்து, பிறகு தொட்டியையும் பில்டரையும் வாங்குவதுதான் சரி. பெரும்பாலானோர் தலைகீழாகச் செய்கிறார்கள்.

ஏற்கெனவே தொட்டி வைத்திருப்பவர்கள் ஒரு சின்னச் சோதனை செய்து பார்க்கலாம். இரவு பத்து மணிக்குப் பிறகு அறை மின்விசிறியை நிறுத்துங்கள். எங்கள் வீடுகளில் விசிறி சுழலும் வரைக்கும் பாதிச் சத்தம் காதில் ஏறாது. கரண்ட் போன இரவில்தான் தொட்டிக்குள் நடப்பது தெரியவரும். விளக்கையும் அணைத்துவிட்டுப் பத்து நிமிடம் பேசாமல் இருங்கள். பிறகு எயார் பம்ப், பில்டர் எல்லாவற்றையும் ஐந்து நிமிடம் மட்டும் நிறுத்துங்கள். நின்றுபோனது இயந்திரத்தின் சத்தம். மிஞ்சியது உயிரின் சத்தம். எந்த மூலையிலிருந்து வருகிறது என்று பிடிபடாவிட்டால், ஒரு தும்புத்தடியின் முனையைக் கண்ணாடியில் மெல்லத் தொடவைத்து மறுமுனையைக் காதோடு சேர்த்துக் கேளுங்கள். பாலத்தடித் தோணிக்காரர் துடுப்பால் செய்கிற வேலைதான் இதுவும். தண்ணீருக்குள் எழும் சத்தத்தில் பெரும்பகுதி நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பிவிடும். நேரே காற்றுக்குள் வருவது குறைவு. அறைக்குள் கேட்பதெல்லாம் கண்ணாடி வழியாகவும் தொட்டி நிற்கும் பலகை வழியாகவும் வெளியேறுவதுதான். இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே சொல்லும் பல காரியங்களின் காரணம் விளங்கும்.

முதலில் உயிர்கள். கடைகளில் அதிகம் விற்பதும், வாங்கியவர் அதிகம் முறைப்பாடு சொல்வதும் டாங்க் கிளீனரைப் பற்றித்தான். இரண்டு அங்குலக் குஞ்சாக வாங்கும்போது கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு சும்மா கிடக்கும். பகலில் எப்போதும் அப்படித்தான். பொழுதுபட்ட பிறகு அது வேலைக்கு இறங்கும். வாயிலுள்ள சின்னச் சின்னப் பற்களால் கண்ணாடியையும் மரக்கட்டையையும் சுரண்டும்போது கிறீச், கிறீச் என்று விடாமல் கேட்கும். உடம்பு முழுவதும் எலும்புத் தகடு என்பதால் திரும்பும்போது வால் கண்ணாடியில் பட்டால் டொக்கென்று அடிக்கும். நல்ல தீனியும் இடமும் கிடைத்தால் ஓர் அடியைத் தாண்டி ஒன்றரை அடிவரை வளரும் சாதி இது. அந்தப் பருமனில் பில்டர் குழாயைக் கழற்றிவிடும், கற்களைப் புரட்டும், மூடியை இடிக்கும். தொட்டியைச் சுத்தமாக வைத்திருக்கும் என்று சொல்லி விற்கிறார்கள். பாசியைச் சுரண்டுவது உண்மை, ஆனால் ஒரு சாதாரண வீட்டுத் தொட்டியில் மிக அதிகமாகக் கழிப்பதும் அதுதான்.

டாங்க் கிளீனரின் சத்தங்களில் ஒன்றை மட்டும் அலட்சியம் செய்யக்கூடாது. இரவில் அடிக்கடி மேலே பாய்ந்து சளக்கென்று காற்றை விழுங்கிவிட்டு இறங்கினால், தண்ணீரில் ஒட்சிசன் குறைந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். விழுங்கிய காற்றிலிருந்து ஒட்சிசனை எடுத்துப் பிழைத்துக்கொள்ள அதனால் முடியும். கூட இருக்கும் கோல்ட் பிஷ்ஷுக்கும் டெட்ராவுக்கும் அது முடியாது. விடியும்போது மிதப்பது அவைதான்.

அடுத்தது கத்தும் கெளுத்தி வகைகள். வலையிலிருந்து கெளிறைக் கழற்றும்போது அது கர்ர் என்று குரல் எழுப்புவதைக் கேட்டவர்களுக்கு அதிக விளக்கம் தேவைப்படாது. செட்டையின் முன்முள் அதன் குழிக்குள் உரசும்போது எழும் ஒலி அது. அலங்கார மீன்களில் தென்னமெரிக்காவிலிருந்து வந்த ரஃபேல் கெளுத்தியும் ஆபிரிக்காவின் சினடொன்டிஸும் இதையே தொட்டிக்குள் செய்யும். ரஃபேல் வகை இன்னும் ஒரு படி மேலே: முள்ளை உரசுவதோடு காற்றுப்பையைத் தசையால் அதிரவைத்தும் ஒலி எழுப்பும். கறுப்பில் வெள்ளை வரி ஓடிய அழகான மீன். ஏழெட்டு அங்குலம் வளரும். பதினைந்து வருடத்துக்கு மேலும் உயிரோடு இருக்கும். அதாவது, இன்று பிள்ளை ஆசைப்பட்டு வாங்கினால் அந்தப் பிள்ளை பல்கலைக்கழகம் போன பிறகும் உங்கள் அறையில் கர்ர் என்று கொண்டிருக்கும். இவை இரண்டும் பகலில் குழாய்க்குள் மறைந்திருந்து இரவில் இடத்துக்குச் சண்டை பிடிக்கும். அப்போதுதான் சத்தம் கூடும். ஒரு மீனுக்கு ஒரு மறைவிடமும் மேலதிகமாக ஒன்றும் வைத்தால் சண்டை குறையும். இரண்டு அங்குல பிவிசி குழாயை எட்டு அங்குல நீளத்துக்கு வெட்டி, விளிம்பை அரத்தாளால் தேய்த்துப் போட்டால் போதும். குறையுமே தவிர நிற்காது. இவற்றைப் பிடிக்க வலை போடாதீர்கள்: செட்டை முள் வலையில் பூட்டிக்கொண்டால் கத்தரிக்கோலால் வலையை வெட்டித்தான் எடுக்க வேண்டும். வாய் அகன்ற பிளாஸ்ரிக் சாடியைச் சரித்து உள்ளே துரத்திவிடுங்கள்.

சத்தம் போடும் மீன்களுக்குள் எங்களுக்கு மிகவும் பிடித்தது குறட்டைக் கௌராமிதான். இரண்டரை அங்குலம் வளரும் ஒரு வகையும், ஒன்றரை அங்குலத்தில் நின்றுவிடும், நீலப் புள்ளி மினுங்கும் இன்னொரு வகையும் உண்டு. இவற்றின் பக்கச் செட்டைத் தசைநார் தடித்திருக்கும். செட்டையை அடிக்கும்போது அந்த நார் செட்டைக் கதிரின் மேட்டில் ஏறி விடுபட்டு அதிரும். வெளியே டிர்ர், டிர்ர் என்று கேட்கும். இரண்டு ஆண்கள் எதிரெதிரே நின்று செட்டை விரித்தால் மாறி மாறிக் குரல் கொடுக்கும். இவ்வளவு சின்ன உடம்பிலிருந்து எழும் ஒலி கண்ணாடியைத் தாண்டி அறைக்குள் தெளிவாகக் கேட்பது அதிசயம்தான். ஹோலில் வையுங்கள், வருகிற ஆட்களுக்குக் காட்டுங்கள். நித்திரை கொள்ளும் அறைக்கு வேண்டாம். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் நீலக் கௌராமி, முத்துக் கௌராமி வகைகளுக்கு இந்த நார் அமைப்பு இல்லை. அவை மேலே வந்து காற்று எடுக்கும்போது எழும் டப் என்ற ஒலியோடு சரி.

செம்மஞ்சளில் கறுப்புப் பட்டி போட்ட க்ளவுன் லோச் பார்வைக்கு அப்பாவி. தீனி தின்னும்போதும் சண்டையிலும் டக், டக் என்று சொடுக்கும்; புதிதாக வாங்கியவர்கள் கண்ணாடி வெடிக்கிறதோ என்று பயந்து தொட்டியைத் தடவிப் பார்ப்பதுண்டு. ஐந்தாறு சேர்ந்திருந்தால்தான் அமைதியாக வாழும். ஒன்றிரண்டு மட்டும் இருந்தால் ஒன்றையொன்று துரத்தும், அல்லது ஒளிந்தே செத்துப்போகும். ஐந்தாறு க்ளவுன் லோச் வளர்ந்து முக்கால் அடி எட்டினால் அவற்றுக்குத் தேவைப்படும் தொட்டி படுக்கையறைக்குள் அடங்காது. கேள்வி அங்கேயே முடிந்துவிடுகிறது.

கோல்ட் பிஷ், ஒஸ்கார் இரண்டும் தங்கள் குரலால் தொல்லை தருவதைவிட வேலையால் தருபவை. கோல்ட் பிஷ் கல்லை வாய்க்குள் எடுத்துச் சப்பித் துப்பும். துப்பிய கல் கண்ணாடியில் பட்டு விழும் டிங் சத்தம் நள்ளிரவில் நன்றாகக் கேட்கும். பயறளவுக் கல் அதன் தொண்டையில் சிக்கிக்கொள்வதும் உண்டு. கல்லை எடுத்துவிட்டுக் கழுவிய மெல்லிய மணலை ஓர் அங்குலத்துக்கு இட்டால் இரண்டு பிரச்சினையும் தீரும். கடற்கரை மணல் வேண்டாம்: சிப்பித் தூள் கலந்த மணல் தண்ணீரைக் கடினமாக்கும். ஆற்று மணலை அரித்து, கழுவும் தண்ணீர் தெளியும்வரை கழுவிப் போடுங்கள். ஒஸ்கார் கல்லைப் புரட்டுவதோடு நில்லாது. செடியைப் பிடுங்கும், பசித்தால் மூடியில் இடிக்கும். மணல் போட்டும் அதன் குணம் மாறாது.

அரோவானா விசயம் வேறு. வெள்ளி அரோவானா மூன்று அடிவரை வளரும் பாய்ச்சல் மீன். திடீரென்று விளக்கை அணைத்தாலோ கதவு அடித்தாலோ மிரண்டு பாய்ந்து மூடியில் மோதும். மூடி இலேசாக இருந்தால் மீன் ரைல்ஸ் தரையில் கிடக்கும். கனமாக இருந்தால் வீடே எழும்பும். மிரட்சியைக் குறைக்க வழி உண்டு: தொட்டி விளக்கை முதலில் அணைத்து, அறை விளக்கை அரை மணி நேரம் கழித்து அணையுங்கள். இது எல்லா மீனுக்கும் நல்லது.

ஆமைக் குஞ்சு கேட்டுப் பிள்ளைகள் அடம்பிடிப்பார்கள். செங்காது ஆமை நாணயம் பருமனில் வாங்கப்பட்டு, சாப்பாட்டுக் கோப்பை அளவில் நின்றுபோவது. பெண் ஆமை ஓர் அடியை நெருங்கும். இரவில் ஓரளவு அடங்கிக் கிடக்கும். ஆனால் விடிய ஐந்தரைக்கு எழும்பிக் கண்ணாடியை நகத்தால் பிறாண்டத் தொடங்கினால் தீனி விழும்வரை ஓயாது. வெயில் காயும் மேடையிலிருந்து தொபுக்கென்று குதிக்கும். தொட்டியில் பாதித் தண்ணீர்தான் விட முடியும் என்பதால் பில்டரிலிருந்து தண்ணீர் உயரத்திலிருந்து விழுந்து சலசலத்துக்கொண்டே இருக்கும். சத்தத்தை விட்டாலும், ஆமைத் தண்ணீரில் சல்மொனெல்லா கிருமி இருக்கக்கூடும். சின்னப் பிள்ளைகள் படுக்கும் அறைக்கு அது எந்த வகையிலும் பொருத்தமில்லை. எங்கள் வயல் வாய்க்கால்களிலும் குளங்களிலும் உள்ள பால் ஆமையைப் பிடித்து வந்து வளர்க்கலாமா என்று கேட்காதீர்கள்: அது வனசீவராசிகள் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டது.

தண்ணீருக்குள்ளேயே வாழும் ஆபிரிக்கத் தவளைகள் சில கடைகளுக்கு வருகின்றன. நகமுள்ள பெரிய வகையின் ஆண் இரவில் தண்ணீருக்குள் இருந்தே டிக்டிக்டிக் என்று அழைக்கும். குள்ள வகையின் ஆண் மெல்லிய ரீங்காரம் எழுப்பும். கேட்டால் குளிர்சாதனப் பெட்டி ஓடுகிறதென்றே நினைப்பீர்கள், அதனால் பல நாள் தேடியும் பிடிபடாது. பெண் தவளை அழைப்பு விடாது என்று சொல்லி விற்பார்கள்; குஞ்சில் ஆண் பெண் தெரிவதில்லை. இறால் சாதியான கிறேபிஷ் கல் தோண்டும், கண்ணாடியில் கொடுக்குத் தட்டும், குழாய் வழியே ஏறி வெளியே வந்து கட்டிலுக்கடியில் சரசரக்கும். அப்பிள் நத்தை ஏறிய உயரத்திலிருந்து பிடிவிட்டுக் கல்லில் விழும். அவ்வளவுதான், அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

கடல்நீர்த் தொட்டி வைப்பவர்கள் எங்கள் பக்கத்தில் குறைவு. ஆனால் அதில் வரும் சத்தம்தான் ஆட்களைக் கட்டிலிலிருந்து தூக்கிப்போடுவது. சொடுக்கு இறால் என்று ஒன்று, இரண்டு அங்குலம் இருந்தால் அதிகம். கல் பொந்துக்குள் ஒளிந்து உங்களுக்குத் தெரியாமலே வந்து சேரும். ஒரு கொடுக்கு மட்டும் பெருத்திருக்கும். அதைப் படாரென்று மூடும்போது நீர் பீறிட்டு ஒரு குமிழி உண்டாகும். சத்தம் எழுவது அந்தக் குமிழி உடையும்போது. கொடுக்கின் இரண்டு பாதியும் மோதுவதால் சத்தம் வருகிறது என்றுதான் முன்பு நினைத்தார்கள்; 2000 இல் வேகக் கமராவில் படம் பிடித்து ஆராய்ந்த பிறகே குமிழிதான் காரணம் என்று உறுதியானது. அறைக்குள் இது கண்ணாடி வெடிக்கும் சத்தமாகவே கேட்கும். கேட்டவுடன் தொட்டியை வெறுமையாக்கிவிடாதீர்கள். முதலில் தொட்டியைச் சுற்றி வறண்ட கையால் தடவுங்கள், நான்கு மூலைச் சிலிக்கன் கோட்டையும் ரோர்ச் அடித்துப் பாருங்கள், நீர் மட்டத்தில் ஒரு துண்டு ரேப் ஒட்டி ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். மட்டம் இறங்காவிட்டால் அது இறால்தான். பிடிப்பதற்கு, பிளாஸ்ரிக் போத்தலின் மேற்பகுதியை மூன்றிலொன்றில் வெட்டித் தலைகீழாக உள்ளே செருகி, ஒரு துண்டு மீன் இறைச்சியை உள்ளே இட்டு, வாய் பொந்தைப் பார்க்கும்படி இரவு வைத்து விடிய எடுங்கள். ஓரிரு முறையில் அகப்படாவிட்டால் அந்தக் கல்லையே எடுத்து வாளியில் வைப்பது சுலபம்.

குத்து இறால் என்று சொல்லத்தக்க மன்டிஸ் வகையும் கல்லோடு வரும். அது சத்தம் மட்டும் போடாது, பெரிதானால் மெல்லிய கண்ணாடியைக் கீறவும் உடைக்கவும் கூடியது. கிளாத்தி மீன் உறுமும், கல்லைத் தூக்கிப் போடும், தண்ணீரை மூடியில் பீச்சும். நெமோ என்று பிள்ளைகள் கேட்கும் க்ளவுன் பிஷ் சண்டையில் சின்னச் சின்னச் சொடுக்கு எழுப்பும். கதவுக்கு அப்பால் கேட்காது. இன்னொன்றும் சொல்லவேண்டும். பாசிக்குடா, காயான்கேணிப் பக்கமிருந்து பவளப்பாறைத் துண்டு எடுத்துவந்து தொட்டியில் வைப்பது சட்டப்படி குற்றம். சொடுக்கு இறால் வராமல் இருக்க அதுவே முதல் வழியும்.

இனி இயந்திரம். படுக்கையறையில் இரவு இரைச்சல் 30 டெசிபெலுக்கு மேல் போகாதிருப்பது நல்லது என்று உலக சுகாதார அமைப்பு 1999 இல் வழிகாட்டியது. பழைய எயார் பம்ப் ஒன்றை மர அலுமாரியின் மேல் வைத்தால் அந்த அளவைச் சுலபமாகத் தாண்டிவிடும். பம்பின் சொந்தச் சத்தத்தைவிட அது நிற்கும் பலகை அதிர்ந்து எழுப்பும் சத்தமே கூட. பழைய பாட்டாச் செருப்பின் அடியை வெட்டி நான்கு மூலைக்கும் வையுங்கள், அல்லது பம்பைச் சுவரில் அடித்த ஆணியிலிருந்து நூலில் தொங்கவிடுங்கள். பாதிக்கு மேல் அடங்கிவிடும். தொங்கவிட்டும் இரைந்தால், ரியூப் முனையில் குமிழி விடும் எயார் கல்லைப் பாருங்கள். கரையோரக் கிணற்றுத் தண்ணீரில் கல்லின் துளை சுண்ணாம்பால் அடைபடும். பம்ப் முக்கி முக்கித் தள்ளும்போது இரைச்சல் கூடும், உள்ளிருக்கும் இறப்பர்ச் சவ்வும் கிழியும். கல் விலை அற்பம், அடிக்கடி மாற்றுங்கள். குமிழி கூடிவிட்டதென்று ரியூபை நெரிக்காதீர்கள், அதுவும் சவ்வைக் கிழிக்கும். மூன்று வழி மூட்டு ஒன்று போட்டு மிகுதிக் காற்றை அறைக்குள் விட்டுவிடுங்கள். பம்ப் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருந்தால், பின்னோக்கி வராமல் தடுக்கும் வால்வு கட்டாயம். இல்லாவிட்டால் கரண்ட் போன இரவில் தொட்டித் தண்ணீர் ரியூப் வழியே இறங்கிப் பம்புக்குள்ளும் தரையிலும் நிற்கும்.

கண்ணாடியில் தொங்கும் பில்டர் சலசலப்பது தண்ணீர் குறைந்ததால். கச்சான் காற்று வீசும் மாதங்களில் மட்டம் வேகமாக இறங்கும்; பில்டர் உதட்டைத் தண்ணீர் தொடும்வரை நல்ல தண்ணீர் விட்டால் சத்தம் அந்த நிமிடமே நிற்கும். உள்ளே போடும் பவர் பில்டர் கடகடத்தால் கரண்டைக் கழற்றி, காந்தம் பூட்டிய சுழலியை வெளியே எடுங்கள். மணல் துணிக்கை, நத்தை ஓடு, சுண்ணாம்புப் படிவு, வெடித்த தண்டு ஆகிய நான்கில் ஒன்றுதான் காரணமாக இருக்கும். வினாகிரியும் தண்ணீரும் சம அளவில் கலந்து அரை மணி நேரம் ஊறவைத்து, பல்துலக்கியால் தேய்த்து, நன்றாகக் கழுவிப் பூட்டுங்கள். தண்டு வெடித்திருந்தால் மாற்றத்தான் வேண்டும்.

தொட்டியைச் சுவரிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி, அடியில் அரை அங்குல ரெஜிபோம் விரித்து வையுங்கள். அலுமாரியின் மேல் வேண்டாம். இரண்டு அடி நீளம், ஓர் அடி அகலம், ஓர் அடி உயரம் உள்ள தொட்டி நிரம்பினால் 56 லீற்றர். கண்ணாடியும் மணலும் சேர்ந்து 70 கிலோவைத் தொடும். வெற்றுப் பெட்டி போன்ற மரத் தளபாடம் அவ்வளவு பாரத்தைத் தாங்கினாலும் பம்பின் அதிர்வைப் பெருக்கித்தான் தரும்.

இவ்வளவும் செய்யப் பஞ்சிப்பட்டுப் பலர் எடுக்கும் குறுக்கு வழி, படுக்கப் போகும்போது பம்பை நிறுத்துவது. தயவுசெய்து இதை மட்டும் செய்யாதீர்கள். ஒட்சிசன் மிகவும் தேவைப்படும் நேரமே இரவுதான். வெளிச்சம் இல்லாதபோது செடிகளும் ஒட்சிசன் தராமல் எடுக்கத் தொடங்கும். எங்கள் வெப்பத்தில் நிலைமை இன்னும் மோசம்: 20 பாகை செல்சியஸில் ஒரு லீற்றர் தண்ணீர் 9 மில்லிகிராம் வரை ஒட்சிசனை ஏற்கும், 30 பாகையில் ஏறத்தாழ 7.5 தான். பில்டர் பஞ்சில் வாழ்ந்து மீன் கழிவை மாற்றும் நல்ல பக்றீரியாக்களும் ஓட்டம் நின்றால் மூச்சுத் திணறிச் சாகத் தொடங்கும். காலையில் சுவிச்சைப் போட்டதும் அந்த நாறிய தண்ணீர் தொட்டிக்குள் தள்ளப்படும். மீன் காரணமின்றிச் சாகிறது என்று சொல்பவர்களிடம் முதலில் இதைத்தான் கேட்போம்.

படுக்கையறையில் கட்டாயம் தொட்டி வேண்டும் என்பவருக்கு: மேலே சொன்ன இரண்டு அடித் தொட்டி, மெல்லிய மணல், கொஞ்சம் செடி, மெல்ல ஓடும் ஸ்பொஞ் பில்டர் ஒன்று. அதன் மேற்குழாய் வாய் நீர்ப்பரப்புக்குச் சற்றுக் கீழே இருந்தால் குமிழி வெடிக்கும் சத்தமும் குறையும். அதற்குள் கப்பி, பிளாட்டி, நியோன் டெட்ரா, செர்ரி இறால். அல்லது 20 லீற்றரில் ஒற்றைப் பைட்டர் (சண்டை மீன்). அது பாயும், ஆகவே மூடி வேண்டும், மூடிக்கும் தண்ணீருக்கும் இடையில் ஓர் அங்குலக் காற்றும் வேண்டும். கண்ணாடி மூடி கிடுகிடுத்தால் விளிம்பில் நான்கு பொட்டுச் சிலிக்கன் வைத்து ஒரு நாள் காயவிடுங்கள். கோரிடோராஸ் என்னும் சின்னக் கெளுத்தி வேண்டுமா என்று கேட்பார்கள். சத்தம் பெரிதாக இல்லை, ஆனால் ஆறேழு சேர்ந்து காற்றெடுக்கப் பாயும்போது நித்திரை மெல்லியவர்களுக்குக் கேட்கும். எங்கள் அபிப்பிராயம் வேண்டாம் என்பதே.

ஏற்கெனவே அறைக்குள் டாங்க் கிளீனரோ ரஃபேலோ வைத்திருப்பவர்கள் அதைக் கடையிலோ பெரிய தொட்டிக்காரரிடமோ கொடுங்கள். வாவியிலோ உன்னிச்சைக் குளத்திலோ சேனாநாயக்க சமுத்திரத்திலோ கொண்டுபோய் விடாதீர்கள். இப்படிக் கைவிடப்பட்ட டாங்க் கிளீனரும் கத்தி மீனும் இலங்கையின் நீர்நிலைகளில் ஏற்கெனவே பெருகிவிட்டன; முள் பூட்டி வலை கிழிவது குளத்து மீனவருக்கு நட்டம்.

கொடுக்க மனமில்லை என்றால் தொட்டியை விறாந்தைக்கோ ஹோலுக்கோ மாற்றலாம். நேர் வெயில் படாத இடமாகப் பாருங்கள். மாற்றுவதற்கு முந்தைய நாள் தீனி போடாதீர்கள். மூன்றில் இரண்டு பங்கு தண்ணீரைச் சுத்தமான வாளிகளில் எடுத்து வைத்து, மீன்களை அதே தண்ணீரில் விட்டு மூடி, எயார் கல் ஒன்றைப் போடுங்கள். பில்டர் பஞ்சைப் பைப் தண்ணீரில் கழுவாமல் தொட்டித் தண்ணீரிலேயே மூழ்கவைத்திருங்கள். குளோரின் பட்டால் பக்றீரியா போய்விடும். மணலோடும் தண்ணீரோடும் தொட்டியைத் தூக்கக்கூடாது, அடிக் கண்ணாடிச் சிலிக்கன் விடும். மணலையும் அள்ளி வேறாகவே கொண்டுபோங்கள். புதிய இடத்தில் மட்டம் பிடித்து வைத்து, பழைய தண்ணீரையே ஊற்றி, பில்டரை ஓடவிட்டு, ஒரு மணி நேரம் கழித்து மீனை விடுங்கள். அடுத்த இரண்டு நாளும் தீனி அரைவாசி.

இப்படிக்கு,
மீன் வளர்ப்பாளர் சிலர்,
கல்லடி, மட்டக்களப்பு.